ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: கதவு, பானெட், டிக்கி எல்லாம் கோடு பிசகாமல் உட்கார என்ன செய்ய வேண்டும்

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கதவில்தான் கை வைக்கிறார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றதும் கீலைத் தளர்த்துவது, தூக்குவது, நெம்புவது, அதற்கும் மசியவில்லை என்றால் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மிச்சத்துக்குப் பட்டி பார்த்து மூடிவிடுவது. பெயின்ட் அடித்த அன்று வண்டி அழகாகத்தான் இருக்கும். ஓட ஆரம்பித்ததும் பட்டி விளிம்பில் உடைந்து உதிரும், கதவு மறுபடி பழைய இடத்துக்கே போய் நிற்கும். இந்த வண்டியில் கதவு கோணலாக நிற்பதற்குக் காரணம் அனேகமாகக் கதவில் இல்லை. சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் ரப்பர் பட்டைகளிலும், உயரம் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகட்டுத் துண்டுகளான ஷிம்களிலும் இருக்கிறது. அங்கே சரிசெய்துவிட்டால் மேலே முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி.

ஹெரால்டு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டால் அதற்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி அழுத்திக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. போட்டிக் கம்பெனியின் கையில் போன ஆலையை நம்பிப் புது கார் போட முடியாது, ஒரே துண்டாக முழுப் பாடியை அழுத்தித் தர வேறு பெரிய ஆலையும் கைவசம் இல்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டுவது என்று முடிவு செய்தார்கள். இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்த வடிவத்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு வந்தது. துண்டு துண்டாகப் பெட்டியில் வந்த காரை இங்கே கோர்ப்பது சுலபம் என்பதால் சென்னைக்கும் அது பொருந்திவந்தது. 1961இலிருந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் விற்றது. அதாவது இந்த வண்டி பிறந்ததே போல்ட்டும் ஷிம்மும் வைத்து நிமிர்த்துவதற்காகத்தான். மற்ற கார்களில் வெல்டிங்கை அறுத்தால்தான் நகரும் ஒரு தூண், இதில் ஸ்பேனரால் நகரும். இதை உணராமல் சுத்தியலைத் தூக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

நான் இங்கே சொல்வது இரண்டு கதவு ஹெரால்டுக்கு. இந்தியாவில் மட்டும் வந்த நான்கு கதவு மாடலுக்கும் அடிப்படை இதேதான், ஆனால் அதில் நடுத்தூணும் பின்கதவும் சேர்வதால் வேலை கூடுதல். அதன் பின்கதவு வெளிநாட்டிலிருந்தும் கிடைக்காது. ஆகவே கையில் இருப்பதைக் கண்ணாகப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

சாமான்கள்

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரசமட்டம், தூக்குக்குண்டு, அளக்க நல்ல டேப், நூல், சாக்பீஸ், ஜாக்கி இரண்டு, மாஸ்கிங் டேப், பழைய சைக்கிள் ட்யூப், கனமான மரக்கட்டைகள். கேப், அதாவது இரண்டு தகட்டு விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி, பார்ப்பதற்கு 4, 5, 6 மி.மீ. கனத்தில் அக்ரிலிக் ஷீட்டையோ பிளைவுட்டையோ விரல் நீளத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்பதைவிட ஒரு துண்டைச் செருகி மேலிருந்து கீழே இழுத்துப் பார்ப்பது ஆயிரம் மடங்கு மேல். ஆசாரிகளும் டிங்கர்களும் நூல் கணக்கில் பேசுவார்கள், ஒன்றரை நூல் என்றால் ஏறக்குறைய 5 மி.மீ. இந்த வண்டிக்கு அதுதான் இலக்கு. இப்போது வரும் கார்களைப் போல 3 மி.மீ. கேப் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். சேஸிஸ் வளைந்து கொடுக்கும் வண்டி இது, மோசமான ரோட்டில் விளிம்பும் விளிம்பும் உரசி பெயின்ட் போய்விடும். கேப் குறுகலாக இருப்பதைவிட மேலும் கீழும் ஒரே சீராக இருப்பதுதான் கண்ணுக்கு அழகு.

ஷிம்முக்கு ஜி.ஐ. ஷீட் போதும். 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ., 20 கேஜ் என்றால் ஏறத்தாழ 1 மி.மீ. இரண்டிலும் நிறைய வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். முழு வட்டமாக வெட்டாமல் குதிரை லாட வடிவத்தில் ஒரு பக்கம் திறந்து வெட்டினால் போல்ட்டை முழுதாகக் கழற்றாமலே தளர்த்திச் செருகலாம், உருவலாம். ஒரு நாளில் எத்தனை தரம் செருகி உருவ வேண்டியிருக்கும் என்பது வேலை தொடங்கினால்தான் புரியும்.

போல்ட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹெரால்டில் இருப்பது அங்குல அளவு, யு.என்.எஃப். எனும் நெருக்கமான மரை. ஹார்டுவேர் கடையில் போல்ட்டைக் காட்டிக் கேட்டால் கண்ணளவில் ஒத்துப்போகிறது என்று எட்டு மி.மீ. மெட்ரிக் போல்ட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., அதனால் முதல் ஒன்றிரண்டு சுற்று நன்றாகவே ஏறும். அப்புறம் பிடிக்கும். பிடிக்கிறதே என்று ஸ்பேனரில் பலம் கொடுத்தால் உள்ளே கூண்டில் இருக்கும் நட்டின் மரை போய்விடும், கூண்டே பிய்ந்து நட்டு சுற்ற ஆரம்பித்தால் அந்த இடத்தைத் தகடு வெட்டித்தான் திறக்க வேண்டும். விரலால் ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். பழைய கூண்டு நட்டுகள் எல்லாவற்றிலும் முன்கூட்டியே மரை வெட்டும் கருவியான டேப்பைச் (tap) சரியான அளவில் விட்டு மரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

முதலில் சேஸிஸ்

ஹெரால்டு சேஸிஸின் நடுத்தண்டு ஓரளவு திடமானது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு பாடியைத் தாங்கும் கைகள்தான் துருவுக்கு முதல் பலி. கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டி என்றால் வெளியே பெயின்ட் நன்றாக இருந்தாலும் கையின் நுனி உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள், ணங் என்று கேட்க வேண்டும், தொப் என்று கேட்டால் அந்த இடம் போய்விட்டது. நுனி ஒரு சென்டிமீட்டர் தொங்கினால் அதன் மேல் இருக்கும் பாடியும் கூடவே தொங்கும், நீங்கள் மேலே என்ன செய்தாலும் நிற்காது.

சேஸிஸ் கோணலா என்று பார்க்க தூக்குக்குண்டு ஒன்றே போதும். வண்டியைச் சிமெண்ட் தரையில் நிறுத்தி, இடது வலது இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் ஓட்டைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். வண்டியை நகர்த்திவிட்டுக் குறுக்கு மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் இரண்டு மூன்று மி.மீ.க்குள் ஒத்துப்போனால் சரி, அதற்கு மேல் வித்தியாசம் என்றால் எப்போதோ எங்கோ இடித்த வண்டி, முதலில் சேஸிஸைத்தான் நிமிர்த்த வேண்டும். கைகளை மாற்ற வேண்டியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அறுத்துப் போடாதீர்கள். ஒன்றை அறுத்து, எதிர்ப்பக்கத்து அளவைப் பார்த்து, புதியதை வைத்து முடித்த பிறகு அடுத்தது.

இன்னொன்று, பாடி வேலை நடக்கும்போது வண்டி தன் சக்கரங்களில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சஸ்பென்ஷன் வரும் இடங்களில் ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்த வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே இருப்பது நல்லது. ஏன் என்பதை நீங்களே பார்க்கலாம். பாடி மாட்டியிருக்கும் ஒரு ஹெரால்டில் கதவின் பின் விளிம்பில், பூட்டுக்கு மேலே உள்ள கேப்பில், இறுக்கமாக நிற்கும்படி ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிட்டு, சேஸிஸின் நடுவில் ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். அட்டை தளர்ந்து தானாகக் கீழே விழும். சேஸிஸ் அவ்வளவு வளைகிறது. நடுவில் ஸ்டாண்ட் வைத்து நிறுத்திய வண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்து கேப் சரிசெய்தால், இறக்கி வைத்ததும் அத்தனையும் மாறிப்போகும்.

முன் பாடி, பின் பாடி, ஷிம்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், அவசரப்படாதீர்கள். இரண்டு கதவு ஹெரால்டின் பாடி இரண்டு பெரிய துண்டு. டேஷ்போர்டு, முன்கண்ணாடி, முன் தளம், கதவுக்கு முன்னால் நிற்கும் தூணான ஏ பில்லர் எல்லாம் ஒரு துண்டு. பின் சீட், கதவுக்குப் பின்னால் நிற்கும் தூணான பி பில்லர், டிக்கி எல்லாம் இன்னொரு துண்டு. இரண்டும் தளத்தில் குறுக்காக ஒரு இணைப்பில் போல்ட் போட்டுச் சேர்கின்றன. கூரை தனியாக மேலே வந்து போல்ட்டில் உட்காரும். ஆகவே கதவு என்பது ஒரு துண்டில் தொங்கிக்கொண்டு இன்னொரு துண்டில் போய்ப் பூட்டிக்கொள்கிறது. இந்த இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று துளி சாய்ந்தாலும் கதவுக் கேப்பில் அது பெரிதாகத் தெரியும்.

முன் பாடியை முதலில் வையுங்கள். ஸ்டியரிங், பெடல், பானெட் எல்லாம் இதைச் சார்ந்தவை என்பதால் இதுதான் அளவுகோல். புது ரப்பர் பட்டைகளை எல்லா இடத்திலும் போடுங்கள். பாதி பழையது பாதி புதியது என்று கலக்காதீர்கள், நசுங்கிப்போன பட்டைக்கும் புதுப் பட்டைக்கும் உள்ள கன வித்தியாசமே ஒரு ஷிம்முக்கு மேல் வரும். கண்ணாடிக்குக் கீழே குறுக்காக ரசமட்டம் வைத்துப் பாருங்கள், அதே மட்டத்தைச் சேஸிஸின் மேலும் குறுக்காக வைத்துப் பாருங்கள். தரை மட்டமாக இருக்காது என்பதால் குமிழி நடுவில் நிற்கிறதா என்பது முக்கியமில்லை, இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் பின் பாடி. இணைப்பில் வரும் அடைப்புப் பசையை இப்போது பூசாதீர்கள், கடைசியில்தான். ஆனால் அது எவ்வளவு கனம் பிடிக்குமோ அந்த அளவுக்கு ஒரு ரப்பர் பட்டையையாவது இடையில் வையுங்கள். கூரையையும் ஏற்றி போல்ட்டை விரலிறுக்கத்தில் விட்டுவையுங்கள். கூரை இல்லாமல் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுக் கடைசியில் கூரையை முடுக்கினால் முன்கண்ணாடிச் சட்டத்தை அது பின்னால் இழுக்கும், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த கேப் மேலே மூடிக்கொள்ளும்.

இப்போது இரண்டு கதவையும் மாட்டுங்கள். கண்ணாடியும் ஏற்றி இறக்கும் மெஷினும் உள்ளே இருக்கட்டும், அந்தக் கனத்துக்குக் கதவு கொஞ்சம் தொய்யும் என்பதால் வெறும் தகட்டை வைத்துச் செய்த கணக்கு நிற்காது. பி பில்லரில் இருக்கும் பூட்டு மாட்டும் தகட்டைக் கழற்றி வையுங்கள். அது இருந்தால் கதவை அதுவே தூக்கியோ இழுத்தோ பிடித்துக்கொண்டு உங்களுக்குப் பொய் சொல்லும்.

கதவின் பின் விளிம்புக் கேப்பைப் பாருங்கள். மேலே அகலம், கீழே குறுகல் என்றால் பி பில்லர் பின்னால் சாய்ந்திருக்கிறது. பாடி சேஸிஸில் போல்ட் போட்டு உட்காரும் இடத்துக்கு மவுண்ட் என்று பெயர். பின் பாடியின் பின்கோடியில், அதாவது டிக்கிப் பக்கத்து மவுண்ட்டில், ஷிம் சேர்த்தால் பின்பக்கம் உயர்ந்து பில்லரின் தலை முன்னால் வரும், கேப் மூடும். மேலே குறுகல், கீழே அகலம் என்றால் நடுப்பகுதி தொங்கிவிட்டது. பி பில்லருக்குப் பக்கத்து மவுண்ட்டில் ஷிம் சேர்த்து நடுவைத் தூக்குங்கள், அல்லது பின்கோடியில் அதிகமாக இருக்கும் ஷிம்மை உருவுங்கள். மேலும் கீழும் ஒரே சீராக இருக்கிறது, ஆனால் மொத்தமாகவே அகலம் என்றால் ஷிம் வேண்டாம். மவுண்ட் ஓட்டைகளில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், போல்ட்டுகளைத் தளர்த்திப் பின் பாடியையே முன்னால் தள்ளுங்கள். இடது கதவில் மேலே அகலம், வலது கதவில் மேலே குறுகல் என்று எதிரும் புதிருமாக வந்தால் பின் பாடி முறுக்கிக்கொண்டிருக்கிறது. இடது பின் மூலையில் மட்டும் ஒரு ஷிம் வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு ஷிம் வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. பின் பாடியின் முன் மவுண்ட்டுக்கும் பின் மவுண்ட்டுக்கும் நடுவில் 60 செ.மீ., மவுண்ட்டிலிருந்து கதவின் மேல் மூலை 90 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வைக்கும் ஒரு மில்லிமீட்டர் மேலே ஒன்றரை மில்லிமீட்டராகத் தெரியும். உங்கள் வண்டியில் இந்த இரண்டு அளவையும் டேப்பில் எடுத்து விகிதத்தைச் சுவரில் எழுதிவிடுங்கள். அப்புறம் குருட்டாம்போக்கில் ஷிம்மைத் திணிக்க வேண்டியிருக்காது. ஒரு நேரத்தில் ஒரு மவுண்ட்டை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் எல்லா போல்ட்டையும் ஒரே அளவுக்கு முடுக்கிவிட்டுத்தான் கேப்பை அளக்க வேண்டும். தளர்ந்த போல்ட்டோடு அளந்த அளவுக்கு மதிப்பே இல்லை.

எந்த மவுண்ட்டில் எத்தனை ஷிம் என்பதை மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டுங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள். பெயின்ட்டுக்காக எல்லாவற்றையும் மறுபடி கழற்றும்போது இந்தக் குறிப்பு இல்லையென்றால் மொத்த வேலையும் வீண்.

கதவு

பாடி நிமிர்ந்த பிறகு கதவுக்கு மிச்சமிருப்பது கொஞ்ச வேலைதான். முதலில் கதவைப் பாதி திறந்து பின்கோடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். லொடக்கென்று ஆடினால் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது, அதை மாற்றாமல் சரிசெய்வதில் அர்த்தமில்லை. கீலில் கதவுப் பக்கத்து போல்ட், பில்லர் பக்கத்து போல்ட் என்று இரண்டு தொகுதி உண்டு. எது கதவை மேலும் கீழும் நகர்த்துகிறது, எது உள்ளே வெளியே நகர்த்துகிறது என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துத் தளர்த்தினால் கதவு எங்கே போகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். கதவுக்குக் கீழே ஜாக்கியில் மரக்கட்டை வைத்துத் தாங்கிக்கொண்டு, போல்ட்டைப் பாதி இறுக்கத்தில் விட்டு, ஜாக்கியால் துளித்துளியாக உயர்த்துவது நல்ல முறை.

ஜன்னலுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் மேல் கோடு கதவில் ஏறி இறங்கக் கூடாது. வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். கதவின் முன் விளிம்பு, அதற்கு முன்னால் வரும் பானெட்டின் பக்கத் தகட்டைவிட வெளியே துருத்தக் கூடாது, மட்டமாகவோ நூலிழை உள்ளேயோ இருக்கட்டும். துருத்தினால் காற்றுச் சத்தமும் வரும், கண்ணையும் உறுத்தும்.

பூட்டுப் பக்கத்தில் கதவின் மேல் மூலை உள்ளே உட்கார்ந்து, கீழ் மூலை மட்டும் வெளியே நிற்கிறது என்றால் கதவு முறுக்கிக்கொண்டிருக்கிறது. மேல் மூலைக்கும் பில்லருக்கும் நடுவில் துணி சுற்றிய மரக்கட்டையை வைத்து, கீழ் மூலையை முழங்காலால் நிதானமாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தி, சாத்திப் பார்த்து, மறுபடி அழுத்தி. பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், ஒரே அழுத்தில் முடிக்க நினைத்தால் தகடு மடிந்துபோகும்.

கதவு வந்து சாத்தும் விளிம்பைச் சுற்றி வரும் பீடிங் ரப்பரை மறக்காதீர்கள். கேப் எல்லாம் சரியாக வைத்துவிட்டுக் கடைசியில் கடையில் கிடைத்த ஏதோ ஒரு கனமான ரப்பரை ஒட்டினால் கதவு முழுக்க நான்கைந்து மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும், சாத்துவதற்கு ஓங்கி அறைய வேண்டியிருக்கும். போடப்போகும் ரப்பரை இந்தக் கட்டத்திலேயே வாங்கி, ஒட்டாமல் மாட்டி வைத்துச் சரிபாருங்கள். இந்தக் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது, கண்ணாடி நேராகக் கூரை ரப்பரில்தான் போய்ச் சேரும். ஆகவே கண்ணாடியை முழுக்க ஏற்றி அது ரப்பரை நீளம் முழுக்க ஒரே மாதிரி தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும்.

எல்லாம் ஆனபிறகு பூட்டுத் தகட்டை மாட்டுங்கள். கதவு தானாக வந்து நிற்கும் இடத்துக்குத் தகட்டை நகர்த்த வேண்டும், தகட்டை வைத்துக் கதவைத் தூக்கக் கூடாது.

கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனல் ஹெரால்டில் வெறும் மூடிதான், பாரத்தைத் தாங்குவதில்லை, போல்ட்டில் நிற்கிறது. கதவின் கீழ் விளிம்புக்கு இணையாக வைத்து முடுக்கினால் முடிந்தது. இதை வெல்டிங் வைத்துவிடுகிறவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். அடுத்த முறை மவுண்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அறுக்க வேண்டியிருக்கும்.

பானெட்

ஹெரால்டின் பெருமையே இந்த பானெட்தான். மட்கார்டு, ஹெட்லைட், மூக்கு எல்லாம் சேர்த்து மொத்த முன்பக்கமும் ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இவ்வளவு பெரிய துண்டு முன்னால் இரண்டு கீலிலும் பின்னால் ரப்பர்க் கூம்பிலும் பக்கத்துக் கொக்கியிலும்தான் நிற்கிறது, அதனால் சரிசெய்யப் பொறுமை வேண்டும். கதவும் சில் பேனலும் முடிந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். பானெட்டுக்கு ஏற்ப கதவை நகர்த்த ஆரம்பித்தால் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஏற்றுவதற்கு ஆள் இரண்டு பேராவது வேண்டும். அதற்கு முன் கதவின் முன் விளிம்பிலும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டின் விளிம்பிலும் சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கீறிச் செருகிவிடுங்கள். பானெட்டை ஏற்றுவதற்கு முன் கவிழ்த்து வைத்து உள்ளே குறுக்கு மூலைகளையும் அளந்துகொள்ளுங்கள். பல தகடுகள் சேர்ந்த துண்டு என்பதால் பழைய இடியில் முறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம், முறுக்கிய பானெட்டை எந்தக் கீலாலும் நேராக்க முடியாது.

ஏற்றியபின் கீல் போல்ட்டுகளை விரலிறுக்கத்தில் விட்டு, முதலில் பானெட்டின் பின் விளிம்புக்கும் கதவுக்கும் உள்ள கேப்பை இரண்டு பக்கமும் ஒன்றரை நூல் வையுங்கள். முன்னே பின்னே நகர்த்துவது இதற்குத்தான். அடுத்து கண்ணாடிக்குக் கீழே குறுக்காக ஓடும் கேப். ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகல் என்றால் குறுகலான பக்கத்துக் கீலை மட்டும் முன்னால் தள்ள வேண்டும். மூன்றாவதாக உயரம். முன்பக்க உயரம் கீலில், பின்பக்க உயரம் ரப்பர்க் கூம்புகளில். கடைசியில்தான் பக்கத்துக் கொக்கி. கொக்கியைப் போடாமலே பானெட் தன் இடத்தில் கோடு மாறாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், கொக்கியின் வேலை அதை அங்கே பிடித்து வைப்பது மட்டும்தான். கொக்கியைப் பலமாக இழுத்து மாட்டினால்தான் கேப் சரியாகிறது என்றால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, அப்படியே விட்டால் மட்கார்டின் கீழ்ப்பகுதி கொஞ்ச நாளில் விரிசல் விடும்.

முதல்முறை திறக்கும்போது ஒருவர் தூக்க இன்னொருவர் தரையில் உட்கார்ந்து மட்கார்டின் பின் கீழ் மூலையைப் பார்க்க வேண்டும். பானெட் முன்கீலில் சுழல்கிறது. கீலைவிட உயரத்தில் இருக்கும் இடமெல்லாம் திறக்கும்போது முன்னால் நகர்ந்து கதவை விட்டு விலகும். கீலைவிடத் தாழ்வாக இருக்கும் மூலை மட்டும் திறக்கும்போது பின்னால் வரும். மேலே கேப் தாராளமாக இருந்தாலும் கீழே அந்த மூலை போய் இடித்துவிடும், அதனால் அங்கே மட்டும் கால் நூல் கூடுதலாக விட்டுவையுங்கள். ஓரிரு சென்டிமீட்டராகத் தூக்கி நிறுத்தி, நிறுத்திப் பாருங்கள்.

டிக்கி மூடிக்கு விசேஷமாக எதுவுமில்லை. பின் பாடி முறுக்கு இல்லாமல் நின்றால் மூடியும் சதுரமாக உட்காரும். உட்காரவில்லை என்றால் கீலில் நேரம் செலவழிக்காமல் பின் மவுண்ட்டுக்கே திரும்பிப் போங்கள்.

அப்படியும் கேப் சீராகவில்லை என்றால்

எல்லாம் நிமிர்ந்த பிறகும் ஓரிடத்தில் கேப் அகலமாக இருந்தால் அது தகட்டின் குறை. பழைய டிங்கர் வேலையில் விளிம்பு தேய்க்கப்பட்டிருக்கலாம், புதிதாக வாங்கிய பேனலே சரியாக வெட்டப்படாமல் இருக்கலாம். அங்கே விளிம்பு நெடுக 3 மி.மீ. கம்பியை வைத்துச் சின்னச் சின்னப் புள்ளியாக வெல்டிங் வைத்து, அரம் போட்டுத் தேவையான கோட்டுக்குக் கொண்டுவருவதுதான் நிற்கும் வேலை. ஒரே இடத்தில் தொடர்ந்து வைத்தால் சூட்டில் தகடு அலை அலையாகிவிடும், ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, நடுவில் ஈரத்துணி. கேப் குறுகலாக இருந்தால் மடித்த விளிம்பைப் பின்னால் கட்டை கொடுத்து மெதுவாகத் தட்டி உள்ளே தள்ளலாம். விளிம்பில் மட்டும் பட்டி வேண்டாம். பரப்பில் ஒரு மில்லிமீட்டர் பட்டி பிழைக்கும், கதவு விளிம்பில் பிழைக்காது.

சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையிலோ வேறெங்கோ வாங்கிய பேனல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை மாட்டிச் சரிபார்த்து முடிக்கும்வரை உங்கள் பழைய துருப்பிடித்த பேனலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வளைவு எங்கே தொடங்குகிறது, ஓட்டை எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

பெயின்ட்டுக்கு முன்னும் பின்னும்

இது அத்தனையும் வெறும் தகட்டிலோ பிரைமரிலோ நடக்க வேண்டிய வேலை. பிரைமர், சர்ஃபேஸர், பெயின்ட் எல்லாம் சேர்ந்து இரண்டு விளிம்பிலுமாக அரை மில்லிமீட்டர் வரை கேப்பை விழுங்கும் என்பதால், 5 மி.மீ. வேண்டுமென்றால் இப்போது ஐந்தரை வையுங்கள்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கீலிலும், கீல் தகட்டையும் அதன் பின்னால் உள்ள பில்லரையும் சேர்த்து ஊடுருவும்படி 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள், கீலுக்கு இரண்டு. பெயின்ட் முடிந்து வந்ததும் கதவைத் தூக்கிப் பிடித்து அந்த ஓட்டைகளில் 3 மி.மீ. டிரில் பிட்டைச் செருகினால் கீல் பழைய இடத்திலேயே போய் நிற்கும். போல்ட்டை முடுக்கிவிட்டுப் பிட்டை உருவிவிடலாம். பளபளக்கும் புது பெயின்ட்டுக்குப் பக்கத்தில் கதவை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருப்பதுபோல மனசு பதறும் வேலை வேறில்லை, இந்தச் சின்ன ஓட்டை அதை மிச்சப்படுத்தும். பானெட் கீலுக்கும் இதே முறைதான். ஓட்டை போட்ட இடத்தில் துரு தடுக்கும் பிரைமரைத் தொட்டுவையுங்கள்.

மறுபடி கோர்க்கும்போது முன் பாடியும் பின் பாடியும் சேரும் இணைப்பில் அடைப்புப் பசையைத் தாராளமாகப் பூசுங்கள், தண்ணீர் ஏறும் முதல் வழி அதுதான். ஷிம்களுக்கு இரண்டு பக்கமும் பிரைமர் அடித்து, எழுதி வைத்த கணக்குப்படி அதே இடத்தில். வண்டி ஓட ஆரம்பித்ததும் புது ரப்பர் பட்டைகள் நசுங்கி உட்காரும், போல்ட்டுகள் தளரும். முதல் 300, 400 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா மவுண்ட்டையும் ஒரு சுற்று முடுக்கிவிட்டுக் கதவுக் கேப்பை அதே அக்ரிலிக் துண்டால் இழுத்துப் பாருங்கள். மேல் மூலையில் சிக்கினால் பி பில்லருக்குப் பக்கத்து மவுண்ட்டில் 20 கேஜ் ஷிம் ஒன்று கூடுதலாகக் கேட்கிறது என்று அர்த்தம்.